ஒற்றை மரத்தில் வேட்டை வில்: 60 பவுண்டு தேவைதானா?

ஒரே மரத்துண்டிலிருந்து, கண்ணாடி இழை எதுவும் ஒட்டாமல், 60 பவுண்டு இழுவிசையுள்ள (நாணை முழுவதும் இழுத்துப் பிடிக்கத் தேவையான விசையே இழுவிசை) வில் ஒன்றைத் தாமே செய்து, வரும் பருவத்தில் அதைக் கொண்டு மான் வேட்டைக்குச் செல்ல விரும்புவதாகவும், தாம் வாழும் பகுதியில் அதற்குரிய உரிமம் பெற்றிருப்பதாகவும் கேள்வியாளர் எழுதியிருக்கிறார். எந்த மரம், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்பவை அவருடைய கேள்விகள். மூன்றுக்கும் விடை இருக்கிறது. ஆனால் அவர் முதலில் எழுதியுள்ள அந்த 60 என்னும் எண்ணைச் சற்று ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இழுவிசையைத் துரத்திக்கொண்டு முதல் வில்லைச் செய்பவர்களின் வில் பெரும்பாலும் பாதி வேலையிலேயே முறிந்துவிடுகிறது. வளைவைச் சீராக்குவதையே குறியாகக் கொண்டவர்களுக்கு 40 அல்லது 45 பவுண்டில் நின்று உழைக்கும் ஒரு வில் கிடைக்கிறது. கூரிய முனையும் தக்க எடையும் உள்ள அம்புடன், 20 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு அது போதுமானது.

வில் வளையும்போது மரத்துக்குள் நடப்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எய்பவரை நோக்கியிருக்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கை நோக்கியிருக்கும் பக்கத்தை முதுகு என்றும் சொல்கிறோம். நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. முதுகு தாங்காவிட்டால் நார் தெறித்து வில் ஒரே கணத்தில் இரண்டாகும். வயிறு தாங்காவிட்டால் முறிவு மெல்ல வரும்: குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்கள் தோன்றும், நாணைக் கழற்றிய பின்னும் வில் பழைய நேருக்குத் திரும்பாமல் வளைந்தே நிற்கும். ஒரு கையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு, அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்பதற்கு, நேர்விகிதத்திலும் அமைகிறது (கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளைத்தான் கை என்று இங்கே குறிப்பிடுகிறேன்). அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதே பத்தில் ஒரு பங்கைத் தடிமனில் குறைத்தால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். 12 மி.மீ. தடிமனுள்ள இடத்தில் அரை மி.மீ. சுரண்டினாலே அந்த இடம் ஏறக்குறைய 12 சதவீதம் தளர்ந்துவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் கோடாரியை மூலையில் வைத்துவிட்டு, எழுதும் தாளின் தடிமனுக்கு மரத்தை எடுக்கும் சுரண்டியைக் கையிலெடுப்பது இதனால்தான்.

மரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். யூ மரமும் ஓசேஜ் ஆரஞ்சு மரமும் வில்லுக்கென்றே பிறந்தவை போலப் புகழப்படுகின்றன, அந்தப் புகழ் பொய்யில்லை. யூ மரத்தில் வெளிப்புற வெளிறு நீட்சியையும் உள்வயிரம் நெருக்கத்தையும் நன்கு தாங்குகின்றன. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் யூ மரத்தாலானவை. ஆனால் அதற்கெல்லாம் முந்தைய, டென்மார்க்கின் ஹோல்மெகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழமையுள்ள வில் எல்ம் மரத்தில் செய்யப்பட்டது. சிறந்த மரம் கிடைக்கும்வரை அதைச் செய்தவர் காத்திருக்கவில்லை. கிடைத்த மரத்துக்கு ஏற்றவாறு கைகளை அகலமாக விட்டு நெருக்கத்தைப் பரப்பிவிட்டார். நமக்கும் அதுவே வழி. ஹிக்கரி, ஆஷ், எல்ம், மேப்பிள், ஓக் ஆகிய எதுவாயினும், நார் நேராக ஓடி, கணு குறைவாக, முறுக்கு இல்லாமல் இருந்தால் போதும். நடுத்தர மரத்தின் நேரான துண்டுக்கும் உயர்ந்த மரத்தின் முறுக்கிய துண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், தொடக்கநிலையில் உள்ளவர் தயங்காமல் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். மரம் நிற்கும்போதே பட்டையின் கோடுகளைப் பாருங்கள். அவை திருகுபோலச் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் பெரும்பாலும் அப்படியே சுற்றியிருக்கும்.

வெட்டிய தண்டை வாளால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளப்பது நல்லது. பிளவு நாரின் வழியே போகும், வாள் தன் வழியே போகும். பிளந்தவுடன் இரு முனைகளிலும் பசையோ வண்ணப்பூச்சோ தடவி அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் ஈரம் முனைகள் வழியே விரைந்து வெளியேறி நீளமான வெடிப்புகள் ஓடும். பிறகு நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். முழுத்தண்டு உலர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், ஈரமாக இருக்கும்போதே வில்லின் பருமனான உருவத்துக்குச் செதுக்கி, நேரான பலகையொன்றில் கட்டிவைத்து உலர்த்தலாம். மெல்லிய மரம் சில வாரங்களில் உலர்ந்துவிடும். உலர்ந்ததா என்பதைக் கைக்குத் தெரியும் உணர்வை நம்பி முடிவு செய்யாதீர்கள். தராசில் நிறுத்து எடையைத் தேதியுடன் எழுதி வாருங்கள். எடை குறைவது முற்றிலும் நின்றபோது அந்த மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிற்கும், வில்லுக்கு அது ஏற்ற அளவு. அதிக ஈரமுள்ள மரம் முறியாது, ஆனால் வளைந்தே போய்விடும். அளவுக்கு மீறி உலர்ந்த மரம் முறியும்.

முதுகைப் பற்றி நான் பட்டு அறிந்தது ஒன்று உண்டு. என் முதல் வில்லை ஆஷ் மரத்தில் செய்தபோது, இயற்கையாகச் சற்று மேடுபள்ளமாக இருந்த முதுகை அழகுக்காக இழைப்புளியால் தட்டையாக்கினேன். அந்த மேடுகளைச் சீவியபோது ஆண்டு வளையங்களைக் குறுக்கே அறுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. 24 அங்குலம் இழுத்த நிலையில், வளையம் அறுபட்ட அதே இடத்தில் ஒரு சிம்பு எழும்பியது, அடுத்த கணம் வில்லின் மேல் கை தனியே பறந்தது. நீட்டப்படும் முதுகில் ஒரே ஆண்டின் வளர்ச்சி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும் என்ற விதியை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். ஹிக்கரி, எல்ம், ஆஷ் போன்ற வெளிர் மரங்களில் பட்டையை உரித்தவுடன் தெரியும் வெளிப்பரப்பே அப்படிப்பட்ட அறுபடாத முதுகு. அதைத் தொடாமல் விட்டாலே போதும். ஓசேஜ் போன்றவற்றில் வெளிறை நீக்கி, உள்ளே தடித்த வளையம் ஒன்றைத் தேர்ந்து, இருகைப்பிடிச் செதுக்குக் கத்தியால் அதற்கு மேலுள்ளதை மட்டும் சீவி இறங்க வேண்டும். வேனிற்காலத் தொடக்கத்தில் வளர்ந்த துளைநிறைந்த மெல்லிய படலத்தில் கத்தி படும்போது நொறுநொறுவென்று ஓசை வரும். அதன் கீழுள்ள கடினப் படலத்தில் ஓசை மாறும். கண்ணைவிடக் காது அங்கே நன்றாக வழிகாட்டும். கணு வந்தால் அதைச் சமன் செய்யாமல், சுற்றிலும் சிறு தீவுபோல உயரமாக விட்டுவிடுங்கள்.

பலகை வாங்கிச் செய்பவர்களுக்கும் விதி இதுவே: பலகையின் முகத்திலும் விளிம்பிலும் நார்க்கோடுகள் முனைமுதல் முனைவரை ஓட வேண்டும், ஓரத்தில் ஒழுகி வெளியேறக் கூடாது. கடையில் ஐம்பது பலகைகளைப் புரட்டிய பிறகே அப்படி ஒன்று கிடைக்கக்கூடும்.

நீளம் உங்கள் இழுநீளத்தை, அதாவது நீங்கள் நாணை முழுவதும் இழுக்கும் தொலைவைப் பொறுத்தது. கைப்பிடி வளையாத வில்லுக்கு, இழுநீளத்தின் இருமடங்கோடு கைப்பிடிப் பகுதிக்காக 10 அங்குலம் சேர்த்தால் பாதுகாப்பான அளவு வரும். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 அங்குலம் வருகிறது. முதல் வில்லுக்கு 68 வைத்துக்கொள்ளச் சொல்வேன். நடுவில் 4 அங்குலக் கைப்பிடி, அதன் இருபுறமும் 2 அங்குலம் சரிந்து இறங்கும் பகுதி, அங்கிருந்து கையின் பாதி வரை 2 அங்குல அகலம், பிறகு முனையில் அரை அங்குலமாகக் குறுகுதல் என்பது வெளிர் மரங்களுக்கு நன்கு ஒத்துவரும் அமைப்பு. தடிமனைக் கைப்பிடி அருகே 16 மி.மீ. அளவிலும் முனையருகே 12 மி.மீ. அளவிலும் விட்டுத் தொடங்கலாம். இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. முடிவான தடிமனை மரம்தான் சொல்லும். ஒரே மரத்தில் பிளந்த இரு துண்டுகள்கூட ஒரே தடிமனில் ஒரே இழுவிசை தருவதில்லை.

இனி வளைவைச் சமன்செய்யும் வேலை. வில் செய்வது என்று நான் சொல்வது உண்மையில் இதைத்தான். இதற்கு முன் நடந்ததெல்லாம் தச்சுவேலை. முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு கையும் சற்றேனும் வளைகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வளையத் தொடங்கியதும் முனைகளில் நாண் உட்காரும் குதைகளை வட்ட அரத்தால் அமைத்து, தளர்வான நீண்ட நாண் ஒன்றைக் கட்டி, சுவரில் பொருத்திய தாங்கியில் கைப்பிடியை வையுங்கள். நாணைக் கீழே உள்ள கப்பி வழியாகக் கயிற்றால் இழுத்தபடி, சில அடி தொலைவில் நின்று வில் முழுவதையும் ஒருசேரப் பார்க்க முடிய வேண்டும். கையில் வைத்து இழுத்துக்கொண்டே வளைவைப் பார்ப்பது பயன்தராது. வில் முறிந்தால் ஆபத்தும் அதிகம்.

பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது, இரு கைகளும் ஒன்றுக்கொன்று இணையாக வளைகின்றனவா. இரண்டாவது, ஒவ்வொரு கையும் தன் நீளம் முழுவதும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறதா. ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மடிந்தால் அந்த இடமே முழுச் சுமையையும் தாங்குகிறது என்று பொருள், நெருக்கச் சுருக்கங்கள் அங்கேதான் முதலில் தோன்றும். அப்படி மடிந்த இடத்தைத் தொடவே கூடாது. அதன் இருபுறமும் வளையாமல் விறைத்து நிற்கும் பகுதிகளில் பென்சிலால் குறியிட்டு, வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். கண் எளிதில் ஏமாறும். ஆறு அங்குலம் நீளமுள்ள நேரான மரக்கட்டையின் நடுவில் பென்சில் முனையைப் பொருத்தி, வளைந்திருக்கும் வயிற்றின் மீது அதை நகர்த்தினால், போதிய வளைவில்லாத இடங்களில் பென்சில் தானே கோடிட்டுக் காட்டிவிடும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும், அப்போது எட்டியுள்ள நீளத்துக்கு இருபது முப்பது முறை வில்லை இழுத்துவிட வேண்டும். மரத்தை எடுத்ததன் விளைவு உடனே முழுமையாக வெளிப்படாது. சில முறை வளைந்த பிறகே தெரியும். இந்த ஒரு பழக்கத்தைக் கைவிட்டவர்கள், ‘இன்னும் விறைப்பாக இருக்கிறதே’ என்று சுரண்டிச் சுரண்டி, கடைசியில் 45 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 30 பவுண்டு வில்லோடு நிற்பார்கள்.

மற்றொரு விதியை அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். எந்தக் கட்டத்திலும் இலக்கு இழுவிசையைத் தாண்டி வில்லை இழுக்கக் கூடாது. இலக்கு 45 பவுண்டு எனில், வில் 10 அங்குலம் வளையும் முன்பே இழுக்கும் கயிற்றில் மாட்டிய தராசு 45 காட்டினால் அங்கேயே நிறுத்தி, வளைவைத் திருத்தி, மரத்தை எடுத்து, மீண்டும் இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால் முடிவில் அந்தக் கைகள் தாங்க வேண்டியதை மட்டுமே தாங்கியிருக்கும். 60 பவுண்டை முதலில் கீழே வைக்கச் சொன்னதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. அதிக இழுவிசைக்கு அதிகத் தடிமன் வேண்டும்; ஒரே வளைவில் தடித்த மரத்தின் வெளிப்பரப்பு கூடுதலாக நீளவும் நெருங்கவும் நேரிடும்; ஆகவே சமன்செய்வதில் ஏற்படும் சிறு பிழைக்கும் அங்கே மன்னிப்பு குறைவு. கண் பழகாத முதல் வில்லில் பிழைகள் இருந்தே தீரும்.

நீண்ட நாணில் முனைகள் ஐந்தாறு அங்குலம் சீராக இறங்கியதும், குறுகிய நாணைப் பூட்டிக் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே முதலில் மூன்று அங்குலம் மட்டும் இடைவெளி விட்டுப் பாருங்கள். நாண் கைப்பிடியின் நடுவே செல்லாமல் ஒருபக்கம் சாய்ந்தால், கைகளின் பக்கவாட்டைச் சிறிது எடுத்துத் திருத்தலாம். பிறகு இடைவெளியை ஆறு அங்குலமாக்கி, இழுப்பை அங்குலம் அங்குலமாகக் கூட்டிச் செல்லுங்கள். அம்பைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வைத்து எய்பவருக்கு, வில்லின் கீழ்க் கை மேல் கையைவிடச் சற்று விறைப்பாக, அதாவது நாணிலிருந்து கையை அளக்கும்போது 3 முதல் 6 மி.மீ. வரை வேறுபாட்டுடன் இருப்பது நல்லது. முழு இழுநீளத்துக்கு ஓரங்குலம் முன்பே வில் இலக்கு இழுவிசையை எட்டும்போது, அதாவது முழு இழுப்பில் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக வரும் நிலையில், அரத்தையும் சுரண்டியையும் வைத்துவிடுங்கள். மெருகு தேய்க்கும்போதும் முதல் நூறு அம்புகள் எய்யும்போதும் அந்த மிச்சம் கரைந்துவிடும். நாணைக் கழற்றிய பின் முனைகள் ஒன்றரை அங்குலத்துக்குள் வளைந்து நின்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. மூன்று அங்குலம் வளைந்து நின்றால், மரம் ஈரமாக இருந்ததா, எங்கேனும் மடிப்பு விழுந்ததா என்று தேடிப்பார்க்க வேண்டும்.

எண்ணெயோ மெழுகோ பூசி முடித்த வில்லை வேலை முடிந்தவுடன் நாண் கழற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் மரத்துக்கே திரும்பும்.

வேட்டைக்கான அம்பு, வில்லுக்குச் சமமான கவனத்தைக் கோருகிறது. விடுபட்ட கணத்தில் அம்புத்தண்டு வளைந்து, கைப்பிடியைச் சுற்றி நெளிந்துதான் வெளியேறுகிறது. அதன் விறைப்பு வில்லின் இழுவிசைக்குப் பொருந்தாவிட்டால், வலக்கையால் இழுப்பவருக்கு விறைப்பு மிகுந்த அம்பு இடப்புறமும் தளர்ந்த அம்பு வலப்புறமும் செல்லும். எடையில் சிக்கனம் வேண்டாம். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெய்ன் என்ற கணக்கில், 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 29 கிராம் எடையுள்ள அம்பு ஆழமாகப் பாயும், வில்லின் ஓசையையும் குறைக்கும். முனை இரு அலகுகளோடு, முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் அம்பு கொல்வதில்லை, குருதியிழப்பால் கொல்கிறது. மழுங்கிய முனையோடு காட்டுக்குள் செல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

தொலைவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. இப்படிப்பட்ட மரவில்லிலிருந்து அம்பு நொடிக்கு 150 அடி அளவில் செல்கிறது என்று கொள்வோம். 20 கஜம், அதாவது 60 அடியைக் கடக்க அதற்கு 0.4 நொடி ஆகும். நாண் எழுப்பிய ஓசையோ நொடிக்கு 1,100 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் 0.05 நொடியில் மானின் காதை எட்டிவிடும். மீதமுள்ள 0.35 நொடியில், விழிப்போடு நிற்கும் மான் உடலைத் தாழ்த்தித் துள்ளத் தொடங்கிவிடும். 30 கஜத்தில் அந்த அவகாசம் அரை நொடியைத் தாண்டிவிடுகிறது. வில் 60 பவுண்டாக இருந்தாலும் அம்பின் எடையையும் அதே விகிதத்தில் கூட்டுவதால் வேகம் பெரிதாக மாறாது, இந்தக் கணக்கும் மாறாது. வில்லின் வலிமையைக் கூட்டி நீங்கள் வெல்ல நினைக்கும் தொலைவை, நெருங்கிச் செல்வதன் மூலம்தான் வெல்ல முடியும். 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி என்னும் அமெரிக்கப் பழங்குடி இனத்தவரான இஷி, தம்மிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்குக் காட்டிய வேட்டைமுறையில் நெருங்குவதே பெரும்பகுதி: காற்றின் திசை அறிந்து மறைவிடத்தில் காத்திருத்தல், முயலின் கூக்குரலைப் போன்ற ஒலியெழுப்பி விலங்கை அருகே வரவழைத்தல் ஆகியவை. அவருடைய வில் ஜூனிப்பர் மரத்தில் செய்து முதுகில் விலங்கின் தசைநாண் ஒட்டிய குட்டையான ஒன்று. மேரி ரோஸ் விற்களின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டுள்ளது உண்மைதான், ஆனால் அவை கவசம் அணிந்த படைகளின் மீது தொலைவிலிருந்து எய்வதற்கானவை.

உங்கள் எல்லையை நீங்களே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். காலையில் உடல் சூடேறும் முன் எய்யும் முதல் அம்பு, ஓர் உணவுத்தட்டின் அளவுள்ள வட்டத்துக்குள் நாள் தவறாமல் விழும் தொலைவு எதுவோ, அதுவே உங்கள் வேட்டைத் தொலைவு. அது 12 கஜமாக இருந்தால் 12 கஜம்தான். மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்று அப்பால் திரும்பி நிற்கும்போதோ மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இரு நுரையீரல்களும் அம்பின் வழியில் அமையும். நேர் முகமாக நிற்கும் மானை விட்டுவிடுங்கள். எய்த பிறகு உடனே பின்தொடராமல், மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் மனத்தில் பதித்து, அரை மணி நேரமாவது அசையாமல் இருங்கள். துரத்தப்படாத விலங்கு அருகிலேயே படுத்துவிடும். நுரைத்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரலைக் காட்டும். பச்சைநிறக் கலப்போடும் நாற்றத்தோடும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது, அப்போது பல மணி நேரம் காத்திருந்தே தேட வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் உரிமம் பெற்றிருந்தாலும் உங்கள் பகுதி குறைந்தபட்ச இழுவிசை எதையேனும் விதித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் அப்படி விதித்துள்ளன. பிரிட்டனில் வில்லால் வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுக்கிறது. அங்கெல்லாம் வில் செய்து இலக்குப் பலகையில் எய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வரும் பருவத்துக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வாறாயினும் இரண்டு வேலைகளையும் ஒன்றாகத் தொடங்குங்கள். நேரான தண்டு ஒன்றை இப்போதே பிளந்து, முனைகளை அடைத்து, நிழலில் வைத்துவிடுங்கள். அது உலரும் மாதங்களில் நல்ல நாருள்ள பலகையொன்றில் 35 பவுண்டு வில்லைச் செய்து, வளைவைப் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள்; அந்த வில்லாலேயே நாள்தோறும் எய்துவாருங்கள். தண்டின் எடை குறைவது நின்றபோது 45 பவுண்டை இலக்காக வைத்துச் செதுக்கத் தொடங்கலாம்.